தாய்க்கோழி இல்லாமல் 24 குஞ்சுகள்: ஆறு வாரக் குறிப்பேடு

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுக்கு எத்தனை டிகிரி சூடு என்று கேட்டால் எங்கும் பதில் கிடைக்கும். தாய்க்கோழி சூடு மட்டுமா கொடுக்கிறது? எதைக் கொத்தித் தின்னலாம் என்று காட்டுகிறது. மேய்ச்சலை நிறுத்தி எல்லாக் குஞ்சுகளையும் ஒரே நேரத்தில் தூங்க வைக்கிறது. பயந்தால் ஓடிப் புகுந்துகொள்ள இருட்டான ஓர் இடமாக இருக்கிறது. தாய் இல்லாத கூட்டத்தில் இந்த வேலைகளில் பெரும்பகுதியைக் குஞ்சுகளே ஒன்றுக்கொன்று செய்துகொள்கின்றன. குஞ்சுகளைச் சூடாக வைத்து வளர்க்கும் தடுப்பான புரூடரை அதற்கேற்றபடி கட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டாமல் விட்டால், அதே நெருக்கம்தான் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சு முட்டுவதிலும், கொத்தி ரத்தம் வரவழைப்பதிலும் போய் முடிகிறது.

முட்டையினக் குஞ்சுகள் 24. எல்லாம் ஒரே பொரிப்பு. பொரித்த நாளை முதல் நாளாக வைத்து 42 நாள் வரை எழுதிய குறிப்புகள் கீழே.

அமைப்பு

சுற்றுத் தடுப்புக்கு 45 செ.மீ. உயரமுள்ள நெளி அட்டை, நீளம் 5.5 மீட்டர். முதல் வாரம் அட்டையின் இரு முனைகளையும் நன்றாக மேலேற்றி, 3.8 மீட்டர் சுற்றளவுள்ள வட்டமாக்கித் துணிக் கிளிப்பால் பிடித்தாயிற்று. குறுக்களவு 1.2 மீட்டர், குஞ்சு ஒன்றுக்கு 470 சதுர செ.மீ. கிடைக்கும். வளர வளரக் கிளிப்பைத் தளர்த்தி வட்டத்தை விரித்துக்கொண்டே போகலாம். முழுக்க விரித்தால் 1.7 மீட்டர் வட்டம், தலைக்கு 900 சதுர செ.மீ.க்கு மேல். நான்கு வாரம் வரை அது போதும். பெட்டியாக இல்லாமல் வட்டமாக வைப்பதற்குக் காரணம் மூலை. பயந்த குஞ்சுகள் ஓடிப்போய்ச் சேரும் இடத்தில் மூலை இருந்தால் முன்னால் போனது வெளியே வர முடியாது.

சூட்டுக்கு 40க்கு 60 செ.மீ. அளவுள்ள மின்வெப்பத் தட்டு, உயரம் மாற்றக்கூடிய நான்கு கால்களுடன். இது அறையைச் சூடாக்காது. குஞ்சின் முதுகு தட்டின் அடிப்பரப்பில் படும்போது சூடு இறங்கும், தாய்க்கோழியின் வயிற்றுக்கடியில் நடப்பதைப் போலவே. குஞ்சு நின்றால் முதுகு படுகிற உயரத்தில் பின்பக்கத்தையும், அதைவிட இரண்டு விரல் உயர்த்தி முன்பக்கத்தையும் வைத்தோம். பெரியதும் சிறியதும் தனக்கேற்ற இடத்தைத் தானே தேடிக்கொள்ள இந்தச் சாய்வு உதவும். அறை மிகவும் குளிராக இருந்தால், குறிப்பாக 15 டிகிரிக்குக் கீழே போனால், தட்டை மட்டும் நம்பக்கூடாது.

தட்டின் மூன்று பக்கமும் திரை தொங்கவிட்டோம். கறுப்பு ஃபெல்ட் துணி, 4 செ.மீ. அகலக் கீற்றுகளாக வெட்டியது, கூளத்துக்கு 2 செ.மீ. மேலே நிற்கும்படி. சாதாரணப் பருத்தித் துணி இதற்கு ஆகாது. ஓரம் பிரிந்து நூல் தொங்கும்; அந்த நூல் குஞ்சின் காலில் சுற்றி இறுகினால் ஒரே இரவில் கால் கறுத்துவிடும். ஆறு வார வேலையில் மிகவும் பலன் தந்தது இந்தத் திரைதான். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்று பிரிந்துவிட்டால் தூங்குகிற குஞ்சை விழித்திருக்கும் குஞ்சு மிதிப்பதில்லை, கொத்துவதில்லை. இறகு கொத்தும் பழக்கம் பெரும்பாலும் இங்கிருந்தே ஆரம்பிக்கிறது: ஒன்று படுத்திருக்கும், இன்னொன்று விழித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும், எதிரே ஒரு சின்ன இறகு நீட்டிக்கொண்டிருக்கும்.

தட்டு இல்லாமல் பல்பு போடுகிறவர்கள் ஒரு பெரிய பல்புக்குப் பதில் இரண்டு சிறிய பல்புகளைப் போடவும். ஒன்று நள்ளிரவில் போனாலும் மற்றொன்று காப்பாற்றும். குஞ்சின் முதுகு உயரத்தில் முதல் வாரம் 33 முதல் 35 டிகிரி செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்க வேண்டும். பல்பு வட்டத்தின் நடுவில் வேண்டாம், ஒரு பக்கமாக இருக்கட்டும். மறுபக்கம் 25 டிகிரி அளவில் இருந்தால்தான் சூடு தாங்காத குஞ்சுக்குப் போக இடமிருக்கும். சங்கிலி ஒன்று, அது அறுந்தால் பிடித்துக்கொள்ள இன்னொரு கம்பி. கூளத்தில் விழுந்த பல்பு தீப்பிடிக்காமல் விடாது. டெஃப்லான் பூசிய பல்பு எக்காரணம் கொண்டும் கூடாது. சூடேறினால் அது வெளியிடும் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

தரையில் 5 செ.மீ. மரச்சீவல், அதன்மேல் முதல் மூன்று நாளுக்கு மட்டும் சொரசொரப்பான சாக்கு. செய்தித்தாள் வழுக்கும். வழுக்குகிற தரையில் நிற்கப் பழகும் குஞ்சின் கால்கள் இரண்டு பக்கமும் விலகிப்போகும்.

பொரிப்பதற்கு முந்தைய நாள்

21 நாளில் பொரிக்க வேண்டிய முட்டைகளிலிருந்து 20ஆம் நாளே சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டது. முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறைக்குள் அலகை நுழைத்ததும் குஞ்சு மூச்சுவிடத் தொடங்கும். குரலும் அப்போதே வந்துவிடும். பக்கத்து முட்டையிலிருந்து பதில் கேட்கும். காடை முட்டைகளில் ஒன்றின் சத்தம் மற்றதை முந்தவோ பிந்தவோ வைத்து எல்லாவற்றையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பொரிக்க வைப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதலில் வந்த குஞ்சுகளை உடனே வெளியே எடுக்காமல், பஞ்சு போலக் காயும்வரை உள்ளேயே விட்டோம். மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுக்கப்பட்டிருப்பதால் இரண்டு நாள் வரை தீவனமும் தண்ணீரும் இல்லாமல் தாக்குப்பிடிக்கும். மூடியை அடிக்கடி திறந்தால் ஈரப்பதம் போய், பின்னால் வரவேண்டியவை ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட வேண்டாம்.

முதல் நாள்

22 குஞ்சுகள் புரூடருக்கு வந்தன. இரண்டு இன்னும் ஓட்டுக்குள்.

தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகள் நிரப்பி, இடைவெளியில் மட்டும் தண்ணீர் நிற்க வைத்தோம். குஞ்சு விழுந்து நனையாது. குண்டின் பளபளப்பைக் கொத்தப்போய்த் தண்ணீரைக் கண்டுகொள்ளும். எல்லாக் குஞ்சின் அலகையும் நனைக்கத் தேவையில்லை. சுறுசுறுப்பான ஆறு குஞ்சுகளின் அலகு நுனியை மட்டும் தொட்டெடுத்தால் போதும். ஒன்று தலையைத் தூக்கி விழுங்குவதைப் பார்த்ததும் பக்கத்தில் நிற்பது கொத்திப் பார்க்கும். அரை மணி நேரத்தில் 22இல் 19 குடித்துவிட்டன. மீதி மூன்றுக்கு மட்டும் கை தேவைப்பட்டது.

தீவனமும் அப்படித்தான். 20 சதவீதப் புரதமுள்ள குருணைத் தீவனத்தைத் தட்டிலும், ஒரு கெட்டியான காகிதத்தின் மேலும் தூவினோம். காகிதம் எதற்கென்றால் சத்தத்துக்கு. கொத்தும்போது எழும் டொக் டொக் ஓசை மற்ற குஞ்சுகளை இழுக்கிறது. விரல் நுனியால் காகிதத்தில் தட்டிப் பாருங்கள், கூட்டமாக வந்து விரல் பட்ட இடத்தையே கொத்தும். தாய்க்கோழி தரையைக் கொத்தி, தானியத்தைப் போட்டுப் போட்டு எடுத்துக் குரல்கொடுத்து அழைக்கும்போதும் இதே ஓசை உண்டு.

சாயங்காலம் பத்துக் குஞ்சுகளின் இரைப்பையைத் தடவிப் பார்த்தோம். கழுத்தடியில் வலப்பக்கமாக இருக்கும். கூழ் மாதிரி மெத்தென்று இருந்தால் தீவனமும் தண்ணீரும் போயிருக்கிறது. மணலாகக் கடினமாக இருந்தால் தண்ணீர் போகவில்லை. 24 மணி நேரத்தில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் நிரம்பியிருக்க வேண்டும்.

2ஆம் நாள்

கடைசி இரண்டும் நேற்று ராத்திரி பொரித்துக் காய்ந்தன. இன்று இருட்டியதும் தட்டுக்கடியில், கூட்டத்தின் நடுவே வைத்தோம். காலையில் எது புதியது என்று அடையாளம் தெரியவில்லை. இதைத் தள்ளிப்போட்டிருந்தால் இவ்வளவு எளிதாக முடிந்திருக்காது. குஞ்சு யாரைத் தன் கூட்டம் என்று மனத்தில் பதித்துக்கொள்வது முதல் சில நாளில்தான். விலங்கு நடத்தையை ஆராய்ந்த டக்ளஸ் ஸ்பால்டிங் 1873இல் இதைக் காட்டினார், பொரித்ததிலிருந்தே கண்ணை மறைத்து வளர்த்த குஞ்சுகளை வைத்து. ஓரிரு நாளில் கண் திறந்துவிட்டவை ஆளின் பின்னாலேயே ஓடின. நான்காவது நாளை ஒட்டித் திறந்தவை அதே ஆளைக் கண்டு மிரண்டு ஓடின. தாயோ ஆளோ இல்லாத இடத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று பதித்துக்கொள்கின்றன. இரண்டு மூன்று நாள் சேர்ந்திருந்துவிட்டால் தன் கூட்டத்துக் குஞ்சையும் அயல் குஞ்சையும் பிரித்தறியத் தொடங்கிவிடும்.

ஒரே ஒரு குஞ்சு மட்டும் பொரித்துவிட்டால் இதே நாட்களுக்குள் துணை தேடுவது நல்லது. குறைந்தது மூன்றாக இருக்கட்டும். இரண்டில் ஒன்று இறந்தால் மற்றது தனியாகிவிடும். துணை வரும்வரை குஞ்சின் உயரத்தில் ஒரு சிறு கண்ணாடி, தட்டின் ஓரத்தில் புகுந்துகொள்ள இறகுத் துடைப்பம் ஒன்று. கத்தல் குறையும். ஆனால் அது துணையாகிவிடாது.

3ஆம் நாள்

இன்றுதான் தவறு நடந்தது. இரவு ஆறு மணி நேரம் இருட்டு கொடுக்க வேண்டும் என்று அறை விளக்கைச் சட்டென்று அணைத்தோம். அந்த நேரத்தில் பாதிக் குஞ்சுகள் தீவனத் தட்டருகே நின்றிருந்தன. இருட்டில் வெப்பத் தட்டுக்கு வழி தெரியவில்லை. எட்டுக் குஞ்சுகள் அட்டையோரமாகச் சேர்ந்து, குளிரக் குளிர ஒன்றின்கீழ் ஒன்று நுழையப் பார்த்தன. கத்தல் கேட்டுப் போனபோது அடியில் ஒன்று தட்டையாகக் கிடந்தது; கையில் வைத்துச் சூடுபடுத்தியதும் பத்து நிமிடத்தில் தேறியது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும்.

மறுநாளிலிருந்து, அணைப்பதற்கு 20 நிமிடம் முன்பே பெரிய விளக்கை நிறுத்தி, தட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு மங்கலான விளக்கை மட்டும் வைத்தோம். வெளிச்சம் குறைந்ததும் முதலில் இரண்டு மூன்று போகும். உள்ளே போனவற்றிடமிருந்து தூக்கத்துக்கு முந்தைய அந்த நடுங்கும் மெல்லிய ‘ட்ர்ர்ர்’ ஒலி வரும். அதைக் கேட்டு மற்றவை திரையைத் தள்ளிக்கொண்டு நுழையும். 24ஐயும் எண்ணிய பிறகே முழு இருட்டு. அதன்பின் ஒரு நாளும் குவியல் விழவில்லை.

குரல்கள்

குஞ்சின் குரலைக் காதால் பிரிக்கத் தெரிந்தால் வெப்பமானி பாதி தேவையில்லை. சின்னதாக, விரைவாக, ஒவ்வொரு துளியும் மேல்நோக்கி ஏறும் கீச்சு திருப்தியின் குரல். உரக்க, நீளமாக, சுருதி கீழிறங்கும் ‘கீஈயு, கீஈயு’ என்பது தனிமை, குளிர், பசி இவற்றில் ஒன்று. கூட்டமே அப்படிக் கத்தினால் குளிர் அல்லது காற்று; ஒன்று மட்டும் கத்தினால் அது எங்கோ சிக்கியிருக்கிறது, பெரும்பாலும் தட்டுக்கும் அட்டைக்கும் இடையில். எல்லாம் அமைதியாகி, அலகு திறந்து, இறக்கையை விலக்கி ஓரமாக நின்றால் சூடு மிகை. ஒரே பக்கமாக ஒதுங்கி நின்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. சந்தேகம் வந்தால் ஒரு குஞ்சின் காலை உங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் குளிர்கிறது. தட்டுக்கடியில் வெப்பமானி வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். அது காற்றின் சூட்டைச் சொல்லும், முதுகில் படும் சூட்டைச் சொல்லாது.

4 முதல் 6ஆம் நாள் வரை

சாக்கை எடுத்தாயிற்று. ஒரு குஞ்சுக்கு இடக்கால் விலகியிருந்தது. தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணியில் 1 செ.மீ. அகலக் கீற்று வெட்டி, இரண்டு காலுக்கும் நடுவே 2.5 செ.மீ. இடைவெளி விட்டு எட்டு வடிவில் கட்டினோம். பொரித்த சில நாளுக்குள் கட்டினால் மூன்று முதல் ஐந்து நாளில் பெரும்பாலும் சரியாகும்; எலும்பு இறுகிய பின் கட்டிப் பயனில்லை.

கட்டுப்போட்ட குஞ்சைத் தனிப் பெட்டியில் வேறு அறையில் வைக்கத்தான் முதலில் தோன்றும். அது கூடாது. தனியே இருக்கும் குஞ்சு தின்னாமல் கத்திக்கொண்டே இருக்கும். நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தால் கூட்டத்துக்கு அது அயலார். போதாததற்குக் காலில் புதிய பொருள் ஒன்று வேறு. வட்டத்துக்குள்ளேயே, தட்டின் ஓரம் பாதி உள்ளே வருகிறபடி ஒரு கம்பிக் கூடையைக் கவிழ்த்து வைத்தோம். கம்பிக் கண் 1.2 செ.மீ.; அதைவிடப் பெரிதென்றால் தலை சிக்கும். உள்ளே நோயாளியும், அமைதியான இன்னொரு குஞ்சும், ஆளுக்கொரு சிறு தட்டு. துணைக் குஞ்சை ஆறு மணி நேரத்துக்கொருமுறை மாற்றினோம்.

அந்தக் கூடைப் பக்கம் பார்க்கக் கிடைத்தது மறக்க முடியாதது. ஓய்வு நேரத்தில் வெளியேயிருந்து நாலைந்து குஞ்சுகள் கம்பியோரமாகவே படுத்தன. உள்ளேயிருப்பது கம்பியில் சாய்ந்து படுக்கும். வெளியேயிருப்பது அதன் முகத்தில் ஒட்டிய தீவனத் துகளை ஒவ்வொன்றாகக் கொத்தி எடுக்கும். கண்ணருகே கொத்தும்போது உள்ளே இருப்பது இமையை மூடிக்கொள்ளும், தலையை மட்டும் நகர்த்தாது. இதைப் பாசம் என்று சொல்லலாமா என்ற விவாதத்துக்குப் போகவேண்டியதில்லை. துகள் கிடைக்கிறது, சூடு கிடைக்கிறது, பழகிய உருவம் பக்கத்தில் இருக்கிறது. மூன்றும் சேர்ந்து அந்தக் குஞ்சைத் தின்ன வைத்தது, பிழைக்க வைத்தது. 8ஆம் நாள் கட்டு அவிழ்த்துக் கூடையைத் தூக்கியபோது கூட்டத்தில் ஒரு சலசலப்பும் இல்லை.

இதே நாட்களில் மூன்று குஞ்சுகளுக்கு ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைக்க வேண்டும், பிய்க்கக்கூடாது. அதற்குக் கீழே வயிற்றில் கறுப்பாகக் காய்ந்த பொட்டு ஒன்று இருந்தால் அது தொப்புள். அதைத் தொடவே கூடாது, குடல் வெளியே வந்துவிடும். துடைத்த இடம் முழுக்கக் காய்ந்தபின் விடவும். ஈரமாய்ச் சிவந்த தோல் மற்றக் குஞ்சுகளைக் கொத்த இழுக்கும். சூடு அதிகமானாலும் இந்த அடைப்பு வரும் என்பதால் தட்டை ஒரு செ.மீ. உயர்த்தினோம்.

இரண்டாம் வாரம்

வட்டம் 1.4 மீட்டருக்கு விரிந்தது. தட்டு 3 செ.மீ. உயர்ந்தது. இறக்கை இறகு வந்துவிட்டதால் ஓட்டமும் குதியுமாக இருக்கிறது.

கீரைத் தண்டு ஒன்றை மெல்லிய கீற்றாகக் கிழித்துப் போட்டால் முதலில் கண்ட குஞ்சு அதைக் கவ்விக்கொண்டு கீச்சிட்டபடி ஓடும். மற்றவை துரத்தும். பிடுங்கியது ஓடும், முன்பு ஓடியது துரத்தும். நிம்மதியாகத் தின்ன வேண்டியதை இப்படி ஊருக்கெல்லாம் அறிவித்துக்கொண்டு ஓடுவதால் எது தின்னத்தக்கது என்பதைக் கூட்டம் முழுவதும் கற்றுக்கொள்கிறது என்பது எங்கள் கருத்து. ஒரே கீற்று போடாமல் எட்டுப் பத்தாகப் போட்டோம். குருணை தவிர வேறெது கொடுத்தாலும் பொடிக்கல் மணல் ஒரு கிண்ணம் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் இரைப்பையில் நார் அடைக்கும். நூலும் சணலும் வட்டத்துக்குள் வரவே கூடாது.

10ஆம் நாள், 2.5 செ.மீ. பருமனுள்ள வழவழப்பில்லாத குச்சியை 6 செ.மீ. உயரத்தில் வைத்தோம். ஒரு மணி நேரம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்று தவறி ஏறி, சமாளித்து நின்றதும், சாயங்காலத்துக்குள் ஏழு குஞ்சுகள் வரிசையாக நின்றன. முதல் மாதத்துக்குள் குச்சி ஏறப் பழகாதவை பின்னால் உயரமான இடத்துக்கு ஏறி இறங்கத் தடுமாறும். உலர்ந்த மணல் நிரப்பிய தாழ்வான தட்டும் இந்த வாரம்தான் வந்தது. மணல் குளியல் தொற்றிக்கொள்ளும்: ஒன்று படுத்து இறக்கையால் மணலை வாரி இறைத்தால் அடுத்த நிமிடம் ஐந்தாறு அதன்மேலேயே விழும். பொரித்த முதல் சில நாளில் மணல் வைக்காததற்குக் காரணம், தீவனம் எதுவென்று தெரியாத குஞ்சு மணலால் இரைப்பையை நிரப்பிக்கொள்ளும்.

கையைப் பழக்குவதும் இப்போதே. மேலிருந்து வரும் கை பருந்து மாதிரி; பக்கவாட்டில், தரையோடு, உள்ளங்கையில் தீவனத்தோடு வரவேண்டும். துணிச்சலான ஒன்று ஏறிவிட்டால் மற்றவற்றுக்கு வேறு பாடம் தேவையில்லை. தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவவும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி, நோயில்லாததுபோல் தோன்றும் குஞ்சிலும் இருக்கலாம்.

மூன்றாம், நான்காம் வாரம்

சண்டை ஆரம்பித்திருக்கிறது. இரண்டு குஞ்சுகள் எதிரெதிரே நின்று, கழுத்து இறகு சிலிர்த்து, ஒன்றாக எம்பி மார்போடு மார்பு மோதும். மூன்று நொடி. பிறகு இரண்டும் எதுவும் நடக்காததுபோல் தரையைக் கொத்தும். பெட்டைகளும் செய்யும், இதை வைத்துச் சேவல் என்று முடிவுகட்ட வேண்டாம். நார்வேயின் விலங்கியலாளர் ஷெல்டெரப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் எழுதிய கொத்து வரிசை, அதாவது எது எதைக் கொத்தலாம் என்ற மேல்கீழ் ஒழுங்கு, இந்த விளையாட்டிலிருந்துதான் மெல்ல உருவாகிறது. ஆறு முதல் பத்து வாரத்துக்குள் நிலைபெறும். குறுக்கே கைநீட்டிப் பிரித்தால் முடிவு தெரியாமல் மறுபடி மறுபடி நடக்கும்.

கவனிக்க வேண்டியது வேறு: ஒரே குஞ்சை எல்லாம் துரத்துவது, வால் அடியில் ரத்தப் பொட்டு, முதுகில் இறகில்லாத வட்டம். 19ஆம் நாள் ஒரு குஞ்சின் வாலடியில் ரத்தம் கண்டோம். காரணம் தேடியபோது, இரண்டு தீவனத் தட்டில் ஒன்று காலியாக இருந்தது. 24 குஞ்சும் ஒரே தட்டில் முட்டிக்கொண்டிருந்தன. மூன்றாம் வாரத்திலிருந்து தலைக்கு 5 செ.மீ. தட்டு விளிம்பு வேண்டும். நீளத் தட்டென்றால் இருபக்கமும் கணக்கில் சேரும். காயம்பட்டதை அதே கம்பிக் கூடையில், அதே வட்டத்துக்குள் துணையோடு வைத்தோம். இன்னொரு தட்டைச் சேர்த்து, வெளிச்சத்தைக் குறைத்து, கூளத்தில் கொஞ்சம் தீவனத்தைத் தூவிக் கிளற வைத்தோம். மூன்றாம் நாள் கூடையை எடுத்துவிட்டோம்.

மூன்று முதல் ஆறு வாரம் வரை ரத்தக் கழிச்சலுக்கு அஞ்ச வேண்டிய காலம். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்த கூளத்தை அன்றாடம் அள்ள வேண்டும். இறகு சிலிர்த்து, தோளை ஒடுக்கி, கண்மூடி ஒதுங்கி நிற்கும் குஞ்சு தெரிந்தால் எச்சத்தைப் பார்க்கவும். சிவப்பு தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரைக் கேட்டு முழுக் கூட்டத்துக்கும் மருந்து. கூட்டமாகப் படுத்திருக்கும் ஓய்வு வேறு, தனித்து நிற்கும் சோர்வு வேறு. நலமான குஞ்சு பெரும்பாலும் தனியாகத் தூங்காது.

தீவனக் கணக்கு, தலைக்கு ஒரு நாளுக்குச் சுமாராக: முதல் வாரம் 10 கிராம், அடுத்து 18, 25, 30, 35, ஆறாம் வாரம் 40. ஆறு வாரத்துக்கு ஒரு குஞ்சு 1.1 கிலோ அளவில் தின்றது. தண்ணீர் அதைப்போல் இருமடங்கு, வெயில் காலத்தில் இன்னும் கூடுதல்.

சின்னவை வந்தபோது

நான்காம் வாரக் கடைசியில் அடுத்த பொரிப்பில் ஐந்தே குஞ்சுகள் தேறின. ஒரு வாரத்துக்கு மேல் வயது வித்தியாசம் உள்ளவற்றைச் சேர்ப்பது நல்லதல்ல. பெரியவை அடிக்கும் என்பது ஒன்று. நோய் அறிகுறி காட்டாமலே பெரியவை கிருமியைச் சுமந்து, எதிர்ப்பு வளராத சின்னவற்றுக்குக் கொடுக்கும் என்பது அதைவிடப் பெரிது. ஆகவே தனித் தட்டு, தனித் தண்ணீர், நடுவில் கம்பி வலை என்று பக்கத்து வட்டத்தில் வைத்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பெரியவற்றில் ஒரு பெட்டை வலையோரமாகப் படுத்து, அந்தப் பக்கத்து இறக்கையை மட்டும் லேசாகத் தளர்த்தி வைத்திருந்தது. வலைக்கு அப்பால் சின்னவை நான்கு அதன் விலாவை ஒட்டிப் படுத்திருந்தன. எழுந்திருக்கும்போது அது உடனே எழவில்லை. முதலில் இறக்கையை மெதுவாக உயர்த்தி, பிறகு காலை ஊன்றி எழுந்தது. அடைகோழி எழுகிற விதம் அதுவே. குஞ்சுகள் தொடர்ந்து உரசிக்கொண்டிருந்தால் அடையில் உட்காராத பறவையிடமும் தாய்க்குணம் எழும். காயடித்த சேவல்களைக் குஞ்சு காக்கப் பழக்கிய வழக்கமே உண்டு. ஆனால் எல்லாப் பறவையிடமும் எழாது. எங்கள் 24இல் மூன்று இப்படிப் படுத்தன, பெரும்பாலானவை கண்டுகொள்ளவில்லை, இரண்டு வலை வழியாகவே கொத்தப் பார்த்தன. அந்த இரண்டுக்காகத்தான் வலை.

சேர்த்தே ஆகவேண்டிய கட்டாயம் வந்தால், சின்னவை மட்டும் நுழையக்கூடிய 5 செ.மீ. ஓட்டைகள் வைத்த ஓர் ஒதுங்கிடம் முதலில் வேண்டும். தட்டும் தண்ணீரும் அதற்குள்ளேயும் இருக்கட்டும். தப்பிக்க வழியுள்ள குஞ்சு துணிந்து பெரியவை நடுவே வரும்.

ஐந்தாம் வாரத்திலிருந்து

பகலில் தட்டை அணைத்தோம். இரவில் அறை 20 டிகிரிக்குக் கீழே போகவில்லை என்பதால் 33ஆம் நாள் இரவும் அணைத்தாயிற்று. அணைத்த தட்டை உடனே தூக்கிவிடவில்லை. சூடில்லாவிட்டாலும் குஞ்சுகளுக்கு அதுவே வீடு.

38ஆம் நாள் பெரிய கூண்டுக்கு மாற்றினோம். எண்ணிக்கை சரியாக 24, ஒரே நேரத்தில், இருட்டியபின். நல்ல குஞ்சுகளை முன்னால், மீதியை நாளைக்கு என்று பிரித்தால் இரண்டாவது தொகுதி அயலாராக நுழையும். அணைத்த தட்டையும் திரையோடு கூண்டின் உள்ளே ஒரு பக்கம் வைத்து, நான்கு மூலைகளிலும் கூளத்தைச் சரிவாகக் குவித்து மூலையை மழுங்கடித்தோம். புது இடத்தில் முதல் இரவுகளில்தான் வளர்ந்த குஞ்சுகளும் குவியலாக ஏறி நெரியும்; மங்கல் விளக்கு மறுபடி வேண்டியிருந்தது.

முதல் இரவு எல்லாம் தட்டுக்கடியில் புக முயன்றன. தலையும் மார்பும் உள்ளே, வால் வெளியே. இரண்டாம் இரவு பத்து அதன் மேல் ஏறிப் படுத்தன. 30 செ.மீ. உயரத்தில் கட்டியிருந்த குச்சிக்கு மூன்றாம் இரவு ஐந்து போயின, கால் விலகிக் கட்டுப்போட்ட அந்தக் குஞ்சும் அவற்றில் ஒன்று. 42ஆம் நாள் விளக்கு மங்கியபோது 24ம் குச்சியில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தன. 4 மீட்டர் குச்சியில் ஒன்றரை மீட்டர் காலியாகக் கிடந்தது. மறுநாள் காலை தட்டைக் கழற்றிக் கழுவி, காயவைத்து, எடுத்து வைத்தாயிற்று.